கை ஓயாத வீடும் கதை கேட்கும் பிள்ளையும்

தாய் அடுத்த பிள்ளையை வயிற்றில் சுமக்கத் தொடங்கியதும், இடுப்பில் இருந்த மூத்த பிள்ளை சோர்ந்துபோகும். சோறு இறங்காது, நை நை என்று அழும், ஆள் மாறினால் வீறிடும். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் அதைச் ‘சவலைப் பிள்ளை’ என்பார்கள். ஆப்பிரிக்காவின் பொற்கடற்கரையில், அதாவது இன்றைய கானாவில், 1930களில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டார். கால் வீங்கி, தோல் நிறம் மாறி, எதிலும் நாட்டமில்லாமல் கிடக்கும் குழந்தைகளைப் பற்றி 1933-ல் எழுதினார். 1935-ல் அந்த நோய்க்கு அவ்வூர்த் தாய்மார் வழங்கிய பெயரையே வைத்தார்: குவாஷியோர்க்கர். இளையது வந்ததும் தாயின் மடியை இழந்த மூத்ததற்கு வருவது என்பது அதன் பொருள். மருத்துவ நூல்கள் அதை ஊட்டக்குறைவு நோய் என்று வகைப்படுத்தின. சவலை என்ற சொல்லும் முதலில் பால் குறைவைத்தான் சுட்டுகிறது. ஆனால் நம் ஆச்சிமார்கள் அந்தச் சொல்லை எடுக்கும்போது பிள்ளைக்குக் கிடைக்காமல் போன பாலோடு, கிடைக்காமல் போன மடியையும் சேர்த்தே சொன்னார்கள்.

இன்னொரு சொல் ஏக்கம். அம்மா இரண்டு நாள் வெளியூர் போனால் “பிள்ளை ஏங்கிப்போச்சு” என்பார்கள். ஏக்கத்தில் காய்ச்சல் வரும் என்றும் நம்புவார்கள். இரவில் திடுக்கிட்டு விழித்து அழுதால் “பிள்ளை பயந்துருக்கு” என்று கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தூக்கிப்போய்த் திருநீறு போடுவார்கள், தண்ணீர் ஓதி வாங்குவார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையின் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்க்கிறார், தலையில் கை வைக்கிறார், பயம் என்பது உண்மை என்று ஒப்புக்கொள்கிறார். பிள்ளைக்கு அது ஆறுதல்தான். அங்கே விடுபட்டுப் போவது ஒன்றுண்டு. எதைக் கண்டு பயந்தாய் என்று பிள்ளையிடமே யாரும் கேட்பதில்லை. சவலை, ஏக்கம், பயந்த கோளாறு ஆகிய மூன்றும் பெரியவர்கள் தங்களுக்குள், பிள்ளையின் தலைக்கு மேலே பேசிக்கொள்ளும் சொற்கள். பிள்ளையின் வாயில் அவை வருவதில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சொற்களைப் பிள்ளையின் கைக்குக் கொண்டுவருவது பற்றியது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட ஊர் ஆலங்குளம்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் ஏறத்தாழப் பாதி வழியில் இருக்கிறது இந்தப் பேரூர். 2019 நவம்பரில் திருநெல்வேலியைப் பிரித்துத் தென்காசி மாவட்டம் அமைந்தபோது அதோடு சேர்ந்தது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே பெரும்பாலும் காற்றுதான் வரும். கிணற்றுப் பாசனக் காய்கறி, பக்கத்துப் பாவூர்சத்திரம் சந்தை, சென்னைக்கும் மும்பைக்கும் கேரளத்துக்கும் கடை வைக்கப் போன ஆண்கள் என்று ஊரின் பிழைப்பு பல வழியில் ஓடுகிறது. வீட்டில் இருக்கும் பெண்களின் பிழைப்பு பீடி. ஆலங்குளம், முக்கூடல், கடையம் வட்டாரத்துத் தெருக்களில் நடந்தால் திண்ணையிலும் வாசற்படியிலும் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். நனைத்துப் பதமாக்கிய இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நூலைக் கட்டி, நுனியை மடக்கி ஒதுக்கும் வேலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நின்றால் காசு நிற்கும்.

குழந்தைகளின் மனநலம் பற்றி எழுதப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் வேறொரு வீட்டை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. அந்த வீட்டில் தனி அறை இருக்கும், கட்டில் இருக்கும், படுக்கைக்கு முன் அரை மணி நேரம் ஓய்ந்திருக்கும் அம்மா இருப்பாள், மடியில் பிள்ளையும் பிள்ளை மடியில் படப் புத்தகமும் இருக்கும். ஆலங்குளத்துத் தாயின் மடியில் தட்டு இருக்கிறது. அந்த அறிவுரையை அவளிடம் அப்படியே சொன்னால் அது குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டும். அவளுடைய வேலைக்கு உகந்த வழி உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டு என்று நான் நம்புகிறேன். அதற்கு முன் சிக்கலின் அளவைப் பார்த்துவிடலாம்.

பெங்களூரின் நகர்ப்பகுதியிலும் சுற்றுக் கிராமங்களிலும் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை ஆராய்ந்து ஷோபா ஸ்ரீநாத்தும் சக ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட கட்டுரையில், ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் உள்ளவர்கள் 12.5 சதவீதம் என்று கண்டார்கள். எட்டில் ஒரு பிள்ளை. நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதுக்காரர்களிடம் 7.3 சதவீதம் என்று கணக்கிட்டது. வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழு 2005-ல் காட்டியது. வகுப்பில் 32 பேர் இருந்தால் அதில் நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் பெங்களூர் எண் புரியும். அந்த நான்கு பேரும் பெரும்பாலும் வயிற்றுவலி என்றோ, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றோ, படுக்கையை நனைத்தோதான் தெரிய வருகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லித் தெரிய வருபவர் அரிது.

ஏன் சொல்வதில்லை? நம் வீடுகளில் பிள்ளைகளோடு நடக்கும் பேச்சைக் கவனித்தால் விடை கிடைக்கும். அடம் பிடித்தால் பூச்சாண்டி வருவான். சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார். அழுதால் “ஆம்பளப் பிள்ள அழலாமால?” சும்மா இருக்கும்போது விளையாட்டுக்கு “ஒன்னயத் தவிட்டுக்குல்லா வாங்குனோம்” என்று சீண்டல். பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளை அன்றிரவு தன் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்ற அந்தச் சீண்டலைத் தமிழ்க் குடும்பங்கள் அடியோடு கைவிட வேண்டும் என்று நான் சொல்வேன். தனக்கு இந்த வீட்டில் இடம் உண்டா என்ற கேள்விதான் சிறுபிள்ளையின் எல்லாப் பயங்களுக்கும் அடியில் கிடக்கிறது. அதைக் கொண்டு விளையாடக் கூடாது.

அடுத்தது மறைத்தல். வாரக்கடன் வசூலுக்கு ஆள் வருகிறார் என்றால் “அம்மா இல்லேன்னு சொல்லு” என்று பிள்ளையைத்தான் வாசலுக்கு அனுப்புகிறோம். அப்பா குடித்துவிட்டு வந்த இரவை மறுநாள் காலையில் நடக்காததுபோல் எல்லோரும் கடந்துபோகிறோம். தாத்தா இறந்துவிட்டால் “சாமிகிட்டப் போயிருக்கார்” என்கிறோம். எப்போது வருவார் என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது நம் எண்ணம். பிள்ளைக்கு விவரம் தெரியாது, ஆனால் வீட்டின் காற்று தெரியும். விவரம் தெரியாத பிள்ளை, நடந்ததற்குத் தானே காரணம் என்று ஒரு கதையைத் தனக்குள் கட்டிக்கொள்ளும்.

பாஸ்டனில் வில்லியம் பியர்ட்ஸ்லி என்ற மனநல மருத்துவர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். மனச்சோர்வு நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளில் சிலர் தாக்குப்பிடித்து நன்றாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தது என்ன என்று கேட்டார். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நோய் இருக்கிறது என்பதைப் புரிந்திருந்தார்கள், அதற்குத் தாங்கள் காரணமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்து, குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு முறையை வகுத்தார். நூறு குடும்பங்களை ஒட்டி நடத்திய ஆய்வில், பிள்ளைகளின் புரிதல் கூடியதையும் மனக்கலக்கம் குறைந்ததையும் சில ஆண்டுகள் கழித்தும் பார்க்க முடிந்தது. பின்லாந்து அந்த வழியைத் தன் மருத்துவமனைகளுக்கு எடுத்துக்கொண்டது. திறந்து பேசுவது என்றால் கடன் கணக்கு முழுவதையும் பிள்ளை முன் விரித்துப்போடுவது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் வயதுக்குத் தாங்கும் அளவில் உண்மையைச் சொல்லி, உன்மேல் தவறில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

சொல்வது எளிது. வீட்டில் யாரும் அதுவரை பேசாத ஒன்றை முகத்துக்கு நேரே உட்கார்ந்து எப்படித் தொடங்குவது? இங்கேதான் கதைப் புத்தகம் வருகிறது.

தமிழில் ஒரு சங்கடம் உண்டு. ‘படி’ என்ற ஒரே சொல் பாடம் படிப்பதற்கும் கதை படிப்பதற்கும் வழங்குகிறது. நம் வீடுகளில் அந்தச் சொல் பெரும்பாலும் ஏவலாகவே ஒலிக்கிறது. ‘படிச்சியா?’ என்றால் வீட்டுப்பாடம், ‘படிக்கலையா?’ என்றால் அடி. புத்தகம் என்றால் ஒப்பிக்க வேண்டியது என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகிறது. கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ‘இதுல என்ன நீதி?’ என்று கேட்பதும் அதே தேர்வின் தொடர்ச்சிதான். மனத்துக்கு உதவும் வாசிப்பு வேறு வகை.

குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் 1988-ல் ஒரு சிறிய சோதனையை வெளியிட்டார். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவினர் வழக்கம்போலப் படித்துக்காட்டினார்கள். மற்றக் குழுவினர் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்லி, மெல்லமெல்லப் பிள்ளையையே கதைசொல்லியாக ஆக்கினார்கள். ஒரே மாதத்தில் இரண்டாம் குழுவின் பிள்ளைகள் பேச்சில் பல மாதம் முந்தியிருந்தார்கள். படித்தவர்கள், வசதியானவர்கள் வீட்டில் நடந்தது இது. அதனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை அடுத்த கயலீட்சா என்ற வறிய குடியிருப்பில் நடந்ததுதான். சாஹிர் வாலி, லின் மரே, மார்க் டாம்லின்சன், பீட்டர் கூப்பர் ஆகியோர் 14 முதல் 16 மாதக் குழந்தைகளின் தாய்மாரைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, எட்டு வாரம் புத்தகத்தைப் பகிர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். புத்தகங்களில் படமே மிகுதி. வாசிக்கத் தெரிவதைவிட, பிள்ளையின் விரல் எதைச் சுட்டுகிறதோ அதைப் பின்தொடர்ந்து பேசுவதே அங்கே பயிற்சி. 2015-ல் வெளியான முடிவில், அந்தக் குழந்தைகளின் சொல்வளமும் ஒன்றில் நிலைத்திருக்கும் கவனமும் தெளிவாகக் கூடியிருந்தன. தாய்மாரின் பதிலும் பிள்ளையின் போக்குக்கு இசைந்ததாக மாறியிருந்தது.

மனநலத்தோடு நேராகத் தொடுக்கும் சான்றும் உண்டு. ஆலன் மென்டல்சன் என்ற குழந்தை மருத்துவரும் சக ஆய்வாளர்களும் நியூயார்க்கில் ஏழைக் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வந்தது. பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வரும் நாளில், தாயும் பிள்ளையும் சேர்ந்து படிப்பதை, விளையாடுவதைச் சில நிமிடம் படம் பிடித்து அவளுக்கே போட்டுக் காட்டினார்கள். ‘பாருங்கள், இந்த இடத்தில் நீங்கள் பதில் சொன்னதும் பிள்ளை எப்படிச் சிரிக்கிறது’ என்று நல்லதை மட்டும் சுட்டினார்கள். மூன்று வயதுக்குள் இதைப் பெற்ற பிள்ளைகளிடம் நாலரை வயதிலும் அடங்காத துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தன. இங்கிலாந்தில் ஜூடி டன் குழு 41 குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தது. மூன்று வயதில் வீட்டில் உணர்ச்சிகளைப் பற்றிய பேச்சை மிகுதியாகக் கேட்ட பிள்ளைகள், ஆறு வயதில் பிறர் மனம் என்ன பாடுபடும் என்பதைக் கூடுதலாக ஊகிக்கக் கற்றிருந்தார்கள் என்று 1991-ல் எழுதினார்கள். இவை எதுவும் மாயம் காட்டும் ஆய்வுகள் இல்லை. பலன் அளவானது. ஆனால் செலவு மிகக் குறைவு, தீங்கு ஏதுமில்லை.

இனி ஆலங்குளத்துத் திண்ணைக்கு வருவோம். பீடி சுற்றும் கைக்கு ஓய்வில்லை. காதுக்கும் வாய்க்கும் ஓய்வு உண்டு. இதை எனக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் இருக்கிறார்கள். கியூபாவின் ஹவானாவில் 1865-ல் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரை உயரமான இருக்கையில் அமர்த்திச் செய்தித்தாளும் நாவலும் வாசிக்கச் சொன்னார்கள். வாசிப்பவருக்குக் கூலியும் தங்கள் கைக்காசில் கொடுத்தார்கள். மாண்டிகிறிஸ்டோ என்ற சுருட்டின் பெயர் அப்படிக் கேட்ட நாவலிலிருந்து வந்ததென்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்புறம் கண்ணூரில் பீடிப் பட்டறைகளிலும் இதே வழக்கம் இருந்தது. ஒருவர் சத்தமாகப் பத்திரிகை வாசிப்பார். அவருக்கு நட்டம் வராதபடி மற்றவர்கள் தங்கள் பீடியில் பங்கு கொடுப்பார்கள். பள்ளிக்கூடமே பார்க்காத தொழிலாளிகள் உலக அரசியல் பேசியது அந்தக் காதுவழிப் படிப்பால்தான். 1969-ல் அங்கே தொடங்கிய கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது.

நெல்லைப் பக்கம் அந்தக் கூடம் அமையவில்லை. 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தபோது, தொழிற்சாலைக்குரிய கடமைகளைச் சுமக்க விரும்பாத முதலாளிகள் பல மாநிலங்களிலும் வேலையை வீடுகளுக்குச் சிதறடித்தார்கள். இலையும் தூளும் பீடிக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்தன, பெண்கள் வேலைக்கு வந்தார்கள். சேர்ந்து உட்காரும் கூடம் இல்லை, வாசிக்கும் ஆளும் இல்லை. தொலைக்காட்சித் தொடர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த வீட்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள் உண்டு. இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும் பிள்ளை. அது வாசிக்கட்டும், அம்மா சுற்றட்டும், ஆச்சி கேட்கட்டும், நாலு வயதுத் தங்கை படம் பார்க்கட்டும். கேள்வி கேட்க அம்மாவுக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை.

சந்தையில் தாயைத் தொலைத்த நாய்க்குட்டியின் கதை ஒன்றைப் பையன் வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

“குட்டி எங்கல ஒளிஞ்சிருக்கு?”

“வண்டிக்கு அடியில.”

“ஏன்யா ஒளிஞ்சிருக்கு?”

“அதுக்குப் பயமா இருக்குல்லா.”

“பயந்தா எப்படி இருக்கும்?”

“வயித்தப் பிசையுத மாதிரி இருக்கும்.”

“ஒனக்கு எப்பவாது அப்படி இருந்துச்சாய்யா?”

“அன்னைக்கு அந்த அண்ணன் வந்து துட்டு கேட்டாம்லா, நீ இல்லேன்னு சொல்லச் சொன்னியே, அப்போ.”

இந்த இடத்தில் அம்மாவின் விரல் ஒரு கணம் நிற்கும். அதட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்லலாம். அல்லது, “ஆமாய்யா, எனக்கும் அன்னைக்குப் பயமாத்தான் இருந்துச்சு. குடுக்க வேண்டிய துட்டு, மெதுவாக் குடுத்துருவோம். இனிமே ஒன்ன அனுப்ப மாட்டேன்” என்று சொல்லலாம். பியர்ட்ஸ்லி வகுத்த முறையின் சாரம் அந்த மூன்று வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. நேராகக் கேட்டிருந்தால் அந்தப் பையன் “ஒண்ணுமில்ல” என்றிருப்பான். நாய்க்குட்டியின் பயத்தைச் சொல்லும் சாக்கில் தன் பயத்தைச் சொல்ல முடிந்தது. இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவின் கண் தட்டில் இருந்தது. முகத்தைப் பார்த்துக் கேட்டால் மூடிக்கொள்ளும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவரிடம் எளிதில் வாய் திறப்பார்கள். பூக் கட்டும்போதும் கீரை ஆயும்போதும் பேன் பார்க்கும்போதும் நம் வீடுகளில் ரகசியங்கள் வெளிவந்தது இப்படித்தான்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லியாக வேண்டும். பீடித் தூள் பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது, கைப்பிள்ளைக்கு இன்னும் ஆகாது. காற்று வரும் பக்கமாக, தட்டிலிருந்து தள்ளித்தான் பிள்ளைகள் உட்கார வேண்டும். சுற்றி முடித்துக் கையை நன்றாகக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அடுத்தது, தட்டுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் கைக்கு ஒருநாள் நூல் வந்துவிடும் ஆபத்து. 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி வேலைக்குப் பிள்ளைகளை வைப்பதைத் தடுத்தபோது, குடும்பத்தாரோடு வீட்டில் செய்வதற்கு விலக்கு விட்டது. அந்த விலக்கின் வழியாகப் பல பெண்பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு நழுவிப்போயிருக்கிறது. ‘ரெண்டு கட்டு நூல் சுத்திட்டுப் படி’ என்பதில்தான் அது தொடங்கும். புத்தகம் பிடித்த கை புத்தகம்தான் பிடிக்க வேண்டும்.

புத்தகம் இல்லாத இரவுகளுக்கு ஆச்சிகள் இருக்கிறார்கள். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நடக்கும் ஊர் இது. விடிய விடிய வில்லுப்பாட்டில் சாவும் பிரிவும் அநியாயமும் பாடப்படும்போது பிள்ளைகள் பாயில் படுத்துக்கொண்டு கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் மறைத்தாலும், துக்கத்தைப் பிள்ளைகளிடமிருந்து முழுக்க மறைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்ததில்லை என்பதற்கு வில்லுப்பாட்டே சாட்சி. இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி என்ற கூட்டத்திலும் கவிதை என்பது பலர் கூடி வாய்விட்டுச் சொல்லிக் காதால் அனுபவிப்பதாகவே இருந்தது. அவரிடம் போய்வந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பிறகு கரிசல் காட்டு ஆச்சிகளின் கதைகளைத் தேடித் தொகுத்தார். எழுத்தும் குரலும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத வட்டாரம்.

ஆச்சி சொல்லும் கதைகளில் எனக்கு மிக வேண்டியவை குடும்பக் கதைகள். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக்கும் ராபின் பிவுஷும் பிள்ளைகளுக்கு இருபது கேள்விகள் வைத்தார்கள். உன் தாத்தா எங்கே வளர்ந்தார், அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நடந்த கெட்டது என்ன என்பது போன்றவை. விடை கூடுதலாகத் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கைக்குள் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. விடையை மனப்பாடம் செய்துவைத்தால் பலன் வராது என்பதையும் அவர்களே சொன்னார்கள். அவ்வளவு கதை சொல்ல ஒரு குடும்பம் எத்தனை பொழுது ஒன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும்! கிணறு வற்றிய வருசம், தாத்தா பம்பாய்க்கு ரயிலேறியது, பெரியப்பா கடை நொடித்து மறுபடி எழுந்தது எல்லாம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். விழுந்த கதையை விட்டுவிட்டு எழுந்த கதையை மட்டும் சொன்னால் அது பிள்ளைக்குப் பயன்படாது.

தொலைவில் கடையில் இருக்கும் அப்பாவுக்கும் இதில் இடம் உண்டு. இரவு கடை அடைத்துவிட்டு அழைக்கும்போது ‘படிச்சியா, சாப்பிட்டியா’ என்று இரண்டு கேள்வியில் பேச்சு முடிந்துவிடுகிறது. ‘இன்னைக்கு வாசிச்ச கதையைச் சொல்லு’ என்றால் பத்து நிமிடம் ஓடும். வருசத்துக்கு இரண்டு தடவை வந்துபோகும் அப்பாவைப் பிள்ளை அந்நியமாகப் பார்க்காமல் இருக்க அந்தப் பத்து நிமிடம் உதவும்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. பொது நூலகச் சட்டத்தைச் சுதந்திர இந்தியாவில் முதலில் 1948-ல் கொண்டுவந்தது சென்னை மாகாணம். அதற்குப் பின்னால் நின்றவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். இன்றும் வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் உள்ள புத்தகம் அந்தத் திண்ணைக்காரர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட புத்தகம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்தக் காலத்தில் பள்ளியைக் காணாமலே வளர்ந்த பிள்ளைகளுக்காக இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டம் தொடங்கியது. தன்னார்வலப் பெண்கள் மாலையில் தெருவிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். 2023-ல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அச்சிட்டது. ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறுவர் இதழ்களும் வருகின்றன. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளையைத் தினமும் காணும் இடம் அதுதான். இவ்வளவும் இருந்தும், கிழிந்துவிடும் என்று பீரோவுக்குள் பூட்டும் பழைய வழக்கம் நம்மைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போய்வந்து கிழிந்த புத்தகமே தன் வேலையைச் செய்த புத்தகம் என்று தலைமையாசிரியர்களின் கணக்கில் எழுதும் நாள் வர வேண்டும்.

கதையால் தீராதவையும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமோ சோறோ இல்லாத பிள்ளை, பேசிக்கொண்டிருந்து திடீரென்று பேச்சை நிறுத்திய பிள்ளை, தன்னைத்தானே காயப்படுத்தும் பிள்ளை, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் நடுங்கும் பிள்ளை ஆகியோருக்கு மருத்துவர் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மருத்துவமனையில் கேட்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கு யாராலாவது தீங்கு நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் 1098. திருநீறு போட்டுக்கொண்டே மருத்துவரிடமும் போகலாம், இரண்டுக்கும் சண்டை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசும் பழக்கம் உள்ள வீட்டில் இந்த அறிகுறிகள் முன்கூட்டியே கண்ணில் படும் என்பதுதான் வாசிப்பு தரும் கூடுதல் காவல்.

இந்த வாசிப்புக்கு நடைமுறையில் ஒரு தடை இருக்கிறது. நூலகம் திறந்திருக்கும் நேரமும் பீடி சுற்றும் நேரமும் ஒன்று. புத்தகம் மாற்ற அந்தத் தாய் போனால் அரை நாள் கூலி போகும். ஆனால் சுற்றிய பீடியைக் கொடுக்கவும் மறுநாளைக்கு இலை, தூள் வாங்கவும் அவள் பீடிக்கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பல நாள் பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு போகிறாள். அங்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. கழிவு பார்த்து, எண்ணி, பாஸ் புத்தகத்தில் குறித்துத் தரும்வரை பிள்ளை சும்மா நிற்கிறது. கிளை நூலகம் ஒரு பெட்டியில் ஐம்பது கதைப் புத்தகத்தை அந்தக் கடையின் வாசலில் வைத்து, வாரம் ஒருமுறை மாற்றிப் போனால் போதும். அம்மா தன் முறை வரக் காத்திருக்கும் நேரத்தில், பிள்ளை நேற்றைய புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு அவளோடு வீட்டுக்கு நடக்கும்.